போக ஆறு இருபது, வர ஒண்ணு இருபது

ஏம்மா, இந்தப் பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட முடியுமா? வயித்தைப் பிடிக்குது. அந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு வந்து மாட்டிவிட்டுட்டுப் போயிருச்சு, எங்கே அமுக்குறது எங்கே இழுக்குறதுன்னு எனக்குத் தெரியலை. ஆங், போதும். நல்லா இரு தாயி.

எந்திரிச்சு நிக்கலாம்னாலும் வழியில்லை. இந்தப் பக்கத்து ஆளு ஏறி உக்காந்ததும் தூங்கிட்டாரு, காலு ரெண்டும் வழியை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. அந்தப் பக்கம் நீ, உனக்கு அங்கிட்டு ஜன்னலு, அதையும் திறக்க முடியாதாம். நடுவுல வசமா மாட்டிக்கிட்டேன். எங்கேயாவது பத்து நிமிஷம் நிறுத்துவாங்களா? டீ குடிக்க, காலை நீட்ட? ஒரு நிறுத்தமும் கிடையாதா? சரிதான். அப்ப ஆறு மணி இருபது நிமிஷமும் இப்படியே குந்தியிருக்கணும்.

நாலு மணி நேரந்தானா? யாரு சொன்னா? இந்தா டிக்கெட்டைப் பாரு. திருச்சியில ஒன்பதரைக்கு எடுக்குறான், கோலாலம்பூர்ல மூணு அம்பதுக்குச் சேக்குறான். கழிச்சுப் பாரு. ஆறு இருபது வருதா? நீ அடிக்கடி போறவ, ஏறினதும் தூங்கிருவே, அதான் உனக்கு நாலாத் தெரியுது. இரும்மா, நான் சொல்லி முடிச்சுடுறேன், அப்புறம் நீ சொல்லு. என் மகளும் இப்படித்தான், பேச ஆரம்பிச்சா குறுக்கே ஒண்ணு சொல்லும்.

டைமைப் பத்தி நீ என்கிட்டப் பேசக்கூடாது. நான் யாருங்கிறே? பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டுல முப்பத்து நாலு வருஷம் டைம் கீப்பர். சேவுகன்னு என் பேரைச் சொன்னா டிரைவரு கண்டக்டரு எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்துச்சு, எத்தனை மணிக்குப் போச்சு, பதிவேட்டுல என் கையெழுத்துத்தான். மதுரை வண்டி அஞ்சு நிமிஷம் லேட்டா வந்து, டிரைவரு "டயரு பஞ்சருங்க"ன்னு சொன்னா, இறங்கிப் போயி, கழட்டி ஸ்டெப்னி இடத்துல வச்ச டயரைப் பாப்பேன். ஈரமண்ணு ஒட்டியிருந்தாத்தான் நம்புவேன். ஒருத்தன் பொய் சொல்றானா இல்லையான்னு வாயைப் பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டாம்மா. புறப்பட்ட நேரம், வந்து சேந்த நேரம், ரெண்டும் கையில இருந்தாப் போதும், கழிச்சுப் பாத்தா ஆளு மாட்டிக்குவான்.

அதான் சொல்றேன். போறதுக்குத்தான் ஆறு இருபது. வர்றதுக்கு எவ்வளவுங்கிறே? ஒண்ணு இருபது. திரும்பி வர்ற டிக்கெட்டும் இருக்கு, பாத்துக்க. மத்தியானம் ஒரு மணிக்கு அங்கே எடுக்குறான், ரெண்டு இருபதுக்குத் திருச்சி. என்ன சிரிக்கிறே? நானும் முதல்ல யோசிச்சேன், அப்புறம் புரிஞ்சுபோச்சு. கொல்லிமலைக்கு வண்டி ஏறும்போது எவ்வளவு நேரம் ஆகுது, இறங்கும்போது எவ்வளவு? ஏத்தம் இறக்கம் மாதிரி மேலேயும் காத்துன்னு ஒண்ணு இருக்குதுல்ல. எதிர்க்காத்துல போறது வேற, காத்தோட வர்றது வேற.

இந்த ஒண்ணு இருபதை நம்பித்தாம்மா என் மகளையே கட்டிக்கொடுத்தேன்.

ஒத்தைப் பொண்ணு. வள்ளிக்கண்ணுன்னு பேரு, கண்ணுன்னுதான் கூப்பிடுவோம். உன் வயசுதான் இருக்கும், ரெண்டு மூணு முன்னப் பின்ன. என் வீட்டுக்காரி பொன்னழகு ஒரே பேச்சுல நின்னா. "கூப்பிட்டாக் குரலுக்கு வந்து நிக்கிற தூரத்துலதான் கொடுக்கணும், எனக்கு ஒரு காய்ச்சல் தலைவலின்னா அது வந்து ஒரு வாய்க் கஞ்சி ஊத்தணும்"னா. நியாயந்தானே. கோயம்புத்தூர்ல ஒரு மாப்பிள்ளை வந்துச்சு, மில்லுல சூப்பர்வைசரு. பஸ்ஸுல அஞ்சரை மணி நேரம். வேண்டாம்னுட்டேன். மெட்ராஸ் மாப்பிள்ளை எட்டு மணி நேரம், அதுவும் வேண்டாம். அப்பத்தான் தரகரு இந்த மலேசியா மாப்பிள்ளையைக் கொண்டாந்தாரு. குணசீலன்னு பேரு, கிள்ளான்ல கையுறை செய்யிற கம்பெனியில வேலை. பொண்ணு பாக்க வந்தப்ப அவரு டிக்கெட்டு மேசையில கிடந்துச்சு. எடுத்துப் பாத்தேன். ஒரு மணி, ரெண்டு இருபது. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

பொன்னழகு கேட்டா, "ஏங்க, கடலைத் தாண்டி இருக்குற ஊரு எப்படிங்க கோயம்புத்தூரை விடக் கிட்டத்துல இருக்கும்?" அவளுக்கு என்ன தெரியும். "அடி போடி, நான் டைம் கீப்பரா நீ டைம் கீப்பரா"ன்னேன். சரின்னுட்டா. நான் சொன்னா அவ மறுக்க மாட்டா.

கலியாணம் முடிஞ்சு கண்ணு அங்கே போச்சும்மா. போனதுலேருந்து அதுகிட்ட ஒரு மாத்தம். ராத்திரிச் சாப்பாடு முடிச்சு எட்டரைக்குப் போன் பண்ணுவேன். "தூங்கிட்டேன்பா"ங்கும். எட்டரைக்கு யாராவது தூங்குவாங்களா? மாமியாக்காரி இருக்குற வீடு. "இப்படித் தூங்கினா எங்க வளப்பைத்தானே பேசுவாங்க"ன்னு நல்லாத் திட்டிவிட்டேன். சரின்னு காலையில ஆறு மணிக்குப் பண்ணுவேன். "வேலைக்கு வந்துட்டேன்பா, சூப்பர்வைசர் நிக்கிறாரு, அப்புறம் பேசுறேன்"ங்கும். காலையில ஆறு மணிக்கு எந்தக் கம்பெனிம்மா திறந்திருக்கு? பால்காரனே அப்பத்தான் வர்றான். அப்பவே மனசுக்குள்ளே குறிச்சுக்கிட்டேன், இது நம்மகிட்டப் பொய் சொல்லப் பழகிருச்சுன்னு. பொன்னழகுகிட்டே சொன்னேன். "அது அலுப்புல என்னமோ சொல்லுதுங்க, விடுங்க"ன்னா. பெத்தவ அப்படித்தான் மூடி மறைப்பா.

நீ என்னமோ சொல்ல வர்றே. இரு. இந்த இடத்தைச் சொல்லிடுறேன், இல்லைன்னா விட்டுப்போயிரும்.

ஏழு வருஷத்துக்கு முன்னாடி பொன்னழகுக்கு நெஞ்சு வலி. ஒரு திங்கக்கிழமை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போற வழியில "கண்ணை வரச் சொல்லுங்க, ஒண்ணரை மணி நேரந்தானே"ன்னா. அதைத்தான் கடைசியாச் சொன்னது. சாயங்காலம் முடிஞ்சுபோச்சு.

தண்ணி இருந்தாக் கொடும்மா. இல்லை, ஒண்ணுமில்லை, காதடைக்குது.

போன்ல சொன்னதும் கண்ணு கத்தின கத்து இன்னும் காதுக்குள்ள இருக்கு. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில கூப்பிட்டுச்சு. வாட்சைப் பாத்தேன், பத்து இருபது. "ஏறிட்டோம்பா, இன்னும் பத்து நிமிஷத்துல கிளம்புது, நான் வராம அம்மாவை எடுத்துடாதீங்க"ன்னுச்சு. அதோட கட்டாயிருச்சு. நான் கேதத்துக்கு வந்தவங்களுக்கெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்லிட்டேன். பத்தரைக்குக் கிளம்பினா பதினொண்ணு அம்பதுக்குத் திருச்சி. வெளியே வர அரை மணி நேரம். அங்கே இருந்து வாடகைக் காருல எங்க ஊருக்கு ரெண்டு மணி நேரம். ரெண்டு இருபதுக்கு வாசல்ல நிக்கும்னு சொன்னேன். ரசாக் பாய்னு ஒருத்தரு, மலேசியாவுல ஈப்போங்கிற ஊர்ல கடை வச்சிருந்தவரு, அவரு என்னமோ "அங்கே நேரம் வேறங்க"ன்னு ஆரம்பிச்சாரு. "பாய், நேரம் எல்லா ஊர்லேயும் ஒண்ணுதான், வாட்ச்சுதான் சரியா ஓடணும், கேத வீட்டுல கதை பேசாதீங்க"ன்னுட்டேன்.

பன்னெண்டரைக்கு அது நம்பருக்குப் போட்டேன். அணைச்சு வச்சிருக்கு. ஒண்ணரைக்குப் போட்டேன், அணைச்சு வச்சிருக்கு. ரெண்டு மணிக்கும் அப்படியே. பதினொண்ணு அம்பதுக்கு இறங்கின ஆளு ரெண்டு மணி வரைக்கும் எதுக்கும்மா போனை அணைச்சு வச்சிருக்கணும்? நீயே சொல்லு. ரெண்டு இருபது ஆச்சு, வரலை. தெருமுனையில போயி நின்னேன். லேட்டு வண்டிக்கு இருபது நிமிஷம் கொடுப்போம், அதுக்கு மேலே கொடுக்க மாட்டோம். மூணு மணிக்கு ராகுகாலம் வேற பிறக்குது. மச்சினன் சொர்ணலிங்கம் சொன்னான், "அத்தான், ராகுகாலம் போகட்டும், நாலரைக்கு மேலே எடுத்துக்கலாம், பொழுது இருக்கு. எங்க அக்கா முகத்தை அது ஒரு தடவை பாக்கட்டும்." பொம்பளைகளும் அதைத்தான் சொன்னாங்க.

எனக்கு அப்ப ஒண்ணுதான் தோணுச்சு. இது ஏறவே இல்லை. ஏறிட்டேன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போனை அணைச்சுப் போட்டிருச்சு. எட்டரைக்குத் தூங்குறேன்னு சொன்ன ஆளு, ஆறு மணிக்கு வேலையில நிக்கிறேன்னு சொன்ன ஆளு, இதையும் சொல்லும். வராத வண்டிக்காக எத்தனை பேரைக் காக்க வைக்கிறது? ரெண்டே முக்காலுக்கு நான்தான் சொன்னேன். எடுங்கன்னு சொன்னேன்.

அது நாலே முக்காலுக்கு வந்துச்சு.

நான் சுடுகாட்டுலேருந்து திரும்பி வர்றேன். வீட்டைக் கழுவிவிட்டிருக்காங்க. அந்த ஈரத்தரையில நடுக்கூடத்துல நிக்குது. பையைக்கூடக் கீழே வைக்கலை. மாப்பிள்ளை வாசல்லேயே நிக்கிறாரு. "ஏம்ப்பா எடுத்தீங்க, ஏம்ப்பா எடுத்தீங்க"ன்னு அதையே சொல்லுது. நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கும் வயித்தெரிச்சல், பொண்டாட்டிக்குக் கொள்ளி வச்சுட்டு வர்றேன். "பத்தரைக்குக் கிளம்பினவ நாலே முக்கால் வரைக்கும் எங்கே போயிருந்தே?"ன்னு கேட்டேன். "நேரா வர்றேன்பா, நாலு மணி நேரம்பா, இறங்கினதும் டிரைவர் போன்லேருந்து ஆறு தடவை கூப்பிட்டேன், யாரும் எடுக்கலை"ன்னுச்சு. நாலு மணி நேரமா? என்கிட்டேயா? ஊரே நிக்குது. "ஆத்தா சாவுலேயும் உனக்குப் பொய்யாடி"ன்னு கேட்டுட்டேன். அது என்னைப் பாத்துச்சு பாரு. மூணாம் நாள் பால் தெளிச்சதும் கிளம்பிருச்சு.

ஏழு வருஷம். அது எனக்குப் போன் பண்ணலை, நானும் பண்ணலை. தப்பு அது மேலே, நான் எதுக்குப் பண்ணணும்? வர்றதுக்கு ஒண்ணு இருபதுதான், ஒரு நடை வந்து காலைத் தொட்டா முடிஞ்சுபோற விசயம். வரலை. சொர்ணலிங்கம்கிட்டே மட்டும் பேசும்போல. ஒத்தை ஆளா அந்த வீட்டுல கிடக்குறேன். பொங்கித் தின்னுட்டு, வாசல்ல உக்காந்து போற பஸ்ஸுக்கு டைம் பாத்துக்கிட்டு. ரிட்டையரானவன் யாருக்குக் கணக்குச் சொல்றது? இருந்தும் பாப்பேன்.

இப்பப் பிள்ளை பிறந்திருக்கு. கலியாணமாகிப் பதினோரு வருஷம் கழிச்சு. பொண்ணு. முப்பதாம் நாள் தொட்டில் போட்டுப் பேரு வைக்கிறாங்களாம், அம்மா பேரையே வைக்கணும்னு சொல்லுதாம், பொன்னழகுன்னு. சொர்ணலிங்கம் கையில டிக்கெட்டைக் கொடுத்து, "கண்ணு அனுப்புச்சு அத்தான், அப்பாவை வரச் சொல்லுங்க மாமான்னு அழுவுது"ன்னான். ரெண்டு நாள் யோசிச்சேன். அப்புறம் போவோம், நம்ம பெரிய மனுசன், நம்ம இறங்கிப் போனா என்னன்னு கிளம்பிட்டேன். பேத்திக்கு வெள்ளிக் கொலுசு வாங்கியிருக்கேன், மேலே பையில இருக்கு. அங்கே போனதும் என்ன சொல்றதுன்னுகூட முடிவு பண்ணிட்டேன். எல்லாரையும் வச்சுக்கிட்டே சொல்லப்போறேன். "கண்ணு, நடந்தது நடந்துபோச்சு. அன்னைக்கு நீ பண்ணினதை அப்பா மன்னிச்சிட்டேன்." அவ்வளவுதான். பெத்தவன் மன்னிக்காம யாரு மன்னிக்கிறது, சொல்லு.

ஏன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே? தூக்கம் வருதா? சரி, சரி, நான்தான் ஓயாம பேசிட்டேன். நீ சொல்ல வந்ததைச் சொல்லு. இரு, அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன். இங்கே இருந்து அங்கே எத்தனை கிலோமீட்டரு? இத்தனை வருஷமா டைம் தெரியும், தூரம் தெரியாது. தூரம் தெரியாம ஷெட்யூல் எழுதவே கூடாது, எங்க டிப்போவுல அதுதான் பாலபாடம்.

ரெண்டாயிரத்து எழுநூறா? கிட்டத்தட்டத்தானே. சரி, அப்படியே வச்சுக்குவோம். பேனா கொடு, கையிலேயே போட்டுடுறேன். ஆறு இருபதுன்னா மணிக்கு நானூத்தி இருபத்தாறு. ஆத்தாடி. சரி, விமானம், போகும். வரும்போது ஒண்ணு இருபது. ரெண்டாயிரத்து எழுநூறை ஒண்ணு இருபதால... மணிக்கு ரெண்டாயிரத்து இருபத்தஞ்சு.

இரு.

அதே வண்டிதானேம்மா? போற வண்டியும் வர்ற வண்டியும் ஒரே எஞ்சின்தானே? எந்த டிரைவரும் போகும்போது நானூறுல போயிட்டு வரும்போது ரெண்டாயிரத்துல வர மாட்டான். எந்த இறக்கத்துலேயும் வராது. எங்க டிப்போவுல எவனாவது இப்படி டிரிப் ஷீட்டு எழுதிக் கொடுத்தா அவன் மூஞ்சியிலேயே விட்டெறிஞ்சிருப்பேன். எங்கேயோ தப்பு இருக்கு. டிக்கெட்டுலதான் தப்பா அடிச்சிருக்கான்.

என்ன காட்டுறே, உன் வாட்ச்சா? பன்னெண்டரைங்குது. என்னுது பத்து மணி. உன்னுது ஃபாஸ்டா ஓடுது.

அங்கே இப்ப அதுதான் நேரமா? எப்பவுமா? எல்லா வருஷமுமா?

அங்கே சூரியன் முன்னாடியே உதிக்குதா. ரெண்டரை மணி நேரம் முன்னாடி. டிக்கெட்டுல ஏறுற நேரம் ஏறுற ஊரு நேரம், இறங்குற நேரம் இறங்குற ஊரு நேரம். சரி. சரிம்மா. நீ சொல்லாதே, நானே போட்டுக்கிறேன். ஆறு இருபதுல ரெண்டரை போனா மூணு அம்பது. ஒண்ணு இருபதுல ரெண்டரையைச் சேத்தா மூணு அம்பது.

ரெண்டும் ஒண்ணுதான்.

நான் எட்டரைக்குப் போன் போட்டா அங்கே பதினொண்ணு. தூங்கத்தான் செய்யும். பகலெல்லாம் வேலை பாத்துட்டு வந்த பிள்ளை, தூங்காம என்ன செய்யும். காலையில ஆறு மணின்னா அங்கே எட்டரை. வேலையிலதான் நின்னிருக்கும்.

அன்னைக்கு, அந்தச் செவ்வாய்க்கிழமை, பத்தரைக்குக் கிளம்பியிருக்கு. மூணு அம்பதைக் கூட்டு. ரெண்டு இருபது. நான் தெருமுனையில போயி நிக்கிறப்பத்தான் அது திருச்சியில வந்து இறங்குது. வானத்துல இருந்திருக்குதும்மா. நான் போன் போட்டப்பல்லாம் வானத்துலதான் இருந்திருக்கு, உன்னை மாதிரி இப்படிப் பெல்ட்டு மாட்டிக்கிட்டு, எந்திரிக்க முடியாம, ஆத்தாளை நெனச்சு அழுதுக்கிட்டு. இறங்கி, அரை மணி நேரம் பெட்டிக்கு, அப்புறம் ரெண்டு மணி நேரம் காரு. நாலு அம்பது. அது நாலே முக்காலுக்கு வந்துருச்சு. டிரைவரை விரட்டியிருக்கும்.

அது ரைட் டைம்ல வந்திருக்கு. அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்திருக்கு.

நாலரைக்கு மேலே எடுக்கலாம்னான் சொர்ணலிங்கம். எல்லாரும் சொன்னாங்க. நான்தான். நான்தாம்மா எடுங்கன்னு சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன்.

இந்த வண்டியை நிறுத்த மாட்டாங்கல்ல. நிறுத்தமே கிடையாதுன்னே நீ.

எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா. சொர்ணலிங்கம் வீட்டுல புளிச்சோறு கட்டிக் கொடுத்தாங்க, ஆறு மணி நேரத்துக்குன்னு. நீ எடுத்துக்க. எனக்கு இறங்காது. இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு? மூணு மணி நேரமா? மூணு மணி நேரம் இப்படியே உக்காந்திருக்கணுமா? சரி. அது அன்னைக்கு உக்காந்து வந்ததுதானே.

*

கீழே என்னம்மா பச்சையாத் தெரியுது? எண்ணெய்ப் பனைமரமா. இத்தனை மரமா.

நான் தூங்கலை. கண்ணை மூடியிருந்தேன். அந்தப் பேச்சை மாத்தி மாத்திச் சொல்லிப் பாக்குறேன், ஒண்ணும் அமையலை. மன்னிச்சிட்டேன்னு சொல்ல வந்தவன் என்னத்தைச் சொல்லி நிக்கிறது? டைம் தெரியாமப் போச்சு கண்ணுன்னு டைம் கீப்பரு சொல்றதா? ரெண்டரை மணி நேரத்தைக் கூட்ட மறந்துட்டேன்னு சொல்றதா? ஆத்தா முகத்தை அது பாக்கலையே. அதை எங்கே போயிக் கூட்டுறது. நீ வாத்தியாரம்மான்னு சொன்னியே, நாலு எழுத்துப் படிச்சவ, நீ சொல்லு. எப்படி ஆரம்பிக்கட்டும்?

ஆமா, அதுவும் சரிதான். எதுவும் சொல்லாம அது காலைப் பிடிச்சிரலாம். மாப்பிள்ளை நிப்பாரு, நிக்கட்டும். பத்துப் பேரு பாத்தாலும் பாக்கட்டும். அன்னைக்கு ஊரே பாக்கத்தானே அந்த வார்த்தையைக் கேட்டேன்.

இறங்கிட்டோமா? அதுக்குள்ளேயா. ஆமா, சரியா ஒண்ணு இருபதாகுது. என் வாட்ச்சுல ஒண்ணு இருபது, உன் வாட்ச்சுல மூணு அம்பது.

எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. பக்கத்து ஆளுகூட முழிச்சுட்டாரு பாரு, இப்ப வழி கிடைக்குது. நான் காலை மடக்கிக்கிறேன், நீ தாண்டி வெளியே போயிரு. அந்த மஞ்சப்பைதாம்மா என்னுது, அதுல கொலுசு இருக்கு, பாத்து எடு. கொடு, மடியில வச்சுக்கிறேன்.

இல்லை, பெல்ட்டைக் கழட்டாதே. கொஞ்ச நேரம் இருக்கட்டும். நீ முன்னால போ தாயி, உன் வீட்டுல தேடுவாங்க. நான் எல்லாரும் போனப்புறம் வர்றேன்.

வெளியே காத்துக்கிட்டுத்தான் இருக்கும். மூணு மணிக்கே பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கும். அது நிக்கும்மா. அது என்னை மாதிரி இல்லை. நான் எவ்வளவு லேட்டா வந்தாலும், வர்ற வரைக்கும் அங்கேயே நிக்கும்.